டப்பிங் பிடிக்காத மகள்

1

இந்த மாதிரிக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டொராண்டோவிலோ லண்டனிலோ பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்கார்ந்திருப்பது மட்டாஞ்சேரியில். சன்னலுக்கு வெளியே பனி இல்லை, சுக்கு மூட்டை ஏற்றும் லாரி நிற்கிறது. நான் எந்தக் கடலையும் தாண்டி வரவில்லை. சின்னமனூரில் பஸ் ஏறி, குமுளியில் இறங்கி, வேறு பஸ் மாறினேன். அவ்வளவுதான் என் புலம்பெயர்வு. "கேரளாவெல்லாம் ஒரு வெளிநாடா?" என்று ஊரில் எல்லாரும் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. நான் இங்கே வந்து இருபது வருடம் முடிந்த அதே வாரத்தில் அது நடந்தது.

யூதர்கள் வாழ்ந்த தெருவான ஜூ டவுனில், வாசனைத் தைலமும் மசாலாவும் விற்கிற ஒரு கடையில் நான் வேலை செய்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தமிழைக் கேட்டதும் எனக்குக் கை கால் பரபரவென்றாகிவிட்டது. ஏலக்காயில் எது நல்லது, எது சும்மா பச்சைச் சாயம் என்று கடைக்காரருக்குக் கேட்காத மாதிரி சொல்லிக்கொடுத்தேன். ஊர் எப்படி இருக்கிறது, மழை உண்டா என்றெல்லாம் விசாரித்தேன். பணம் கொடுத்துவிட்டுப் போகும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மலையாளியா இருந்துக்கிட்டு எவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லைங்க, நான் சின்னமனூர்க்காரி, பி.டி.ஆர். வாய்க்கால் தண்ணியில் குளித்து வளர்ந்தவள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "தேங்க்ஸ் கேட்டோ" என்ற மலையாளம்தான். அதற்குப் பிறகு எந்த வாயோடு சின்னமனூரைச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் செல்வம் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் கீர்த்தி மட்டும் நிமிர்ந்து பார்த்து, "அதுல எந்தா அம்மா இத்தற ஷாக்? அவங்க நல்லதுதானே பறஞ்சாங்க?" என்றாள்.

இந்தக் கதை அவளைப் பற்றியது.

2

செல்வம் பஜார் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். கம்பம், தேனி, போடி என்று எங்கள் பக்கம் போகிற வண்டிகளுக்கெல்லாம் லோடு பிடித்துக் கொடுக்கிற வேலை. எங்கள் வீடு ஒரு குடோனின் மாடியில். கீழே சுக்கும் மிளகும் கிடக்கிற வாசம் எங்கள் துணியில், தலையணையில், சில நாள் சாம்பாரில்கூட இருக்கும்.

முதன்முதலில் இங்கே முகவரிச் சான்று வாங்கப் போன அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கவுண்டரில் இருந்தவர் பெயர் கேட்டார், சொன்னேன். கணவர் பெயர், சொன்னேன். "வீட்டுப்பேர்?" என்றார். நான் முழித்தேன். நம் ஊரில் வீட்டுக்கு ஏது பேர்? கதவு எண்தான் உண்டு. "இல்ல சார்" என்றேன். "வீட்டுப்பேர் இல்லாதெ எங்ஙனெயா?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். பின்னால் வரிசை நீள்கிறது. என் வீடு எது என்றுதான் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "சின்னமனூர்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிம்மதியாக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அரசாங்கக் கணக்கில் மட்டாஞ்சேரியில் 'சின்னமனூர்' என்ற பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அதில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

இதை என் அண்ணனிடம் போனில் சொன்னபோது, "அப்ப நான் உன் வீட்டுக்குள்ளதான் வாழக்கா யாவாரம் பண்றேனா?" என்றார். எனக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் வரும். திராட்சைக் காலத்தில் ஆளே வந்துவிடுவார், கூடையோடு. அவர் இருக்கிற வரைக்கும் எனக்கு ஊர் இருக்கிறது என்று ஒரு தைரியம். அந்த ஊர் எனக்கு அடுத்து கீர்த்திக்கும் இருக்க வேண்டும், அங்கே போய் நின்றால் அவளை யாரும் விருந்தாளி மாதிரிப் பார்க்கக் கூடாது. இந்த ஓர் ஆசைக்காகத்தான் நான் இவ்வளவு வருடமும் வீட்டுக்குள் சண்டை போட்டேன்.

3

சண்டை எதைப் பற்றி என்றால், அனிமே பற்றி. ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிற படங்கள். பெரிய பெரிய கண்கள், முள்ளு முள்ளாகத் தலைமுடி. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும், போய்ப் பாருங்கள்.

கீர்த்தியின் பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. மலையாளம் வாசிப்பாள், எழுதுவாள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குவாள். தமிழில் 'அ' எழுதச் சொன்னால் படம் வரைவது போல வரைவாள். ஆனால் சின்ன வயதில் டிவியில் தமிழில் குரல் கொடுத்த ஜப்பான் கார்ட்டூன்கள் வரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசக் கற்றாள். பாதித் தமிழ் என்னிடம், மீதி பாதி அந்தக் குரல் கொடுப்பவர்களிடம். ஐந்து வயதில், தட்டில் பாகற்காயைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஒரு சதித்திட்டம்!" என்று கத்தினாள். செல்வத்துக்குப் புரையேறிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சதித்திட்டம் என்ற சொல் மட்டாஞ்சேரியில் வேறு எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

அப்படி வளர்ந்தவள், ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் மாறிவிட்டாள். நான் கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன். டிவியில் யாரோ என்னென்னவோ பாஷையில் கத்துகிறார்கள். அடியில் மலையாள எழுத்து ஓடுகிறது. என் மகள் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். பகீரென்றது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஒண்ணுமில்ல அம்மா. அவன்டெ வாத்தியார் மரிச்சுப் போயி."

"எவன் வாத்தியார்டி?"

டிவியைக் காட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைப் பிடுங்கித் தமிழுக்கு மாற்றினேன். அந்தப் பையன் இப்போது, "குருவே! என்னை விட்டுப் போகாதீர்கள்!" என்றான். அவள் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது.

"அய்யோ அம்மா, ப்ளீஸ். தமிழ்ல கேட்டா சங்கடம் வரில்ல, சிரிப்புதான் வருது. வாய் ஒண்ணு பறயும், சப்தம் வேற ஒண்ணு."

உயிர் போகிறவனைப் பார்த்துத் தன் தாய்மொழியில் சிரிக்கிறாளே என்று எனக்கு வந்த அதிர்ச்சி கொஞ்சமில்லை. மொழி போனால் போகட்டும், அழுகையுமா மலையாளத்தில் வரும்?

அன்று ஆரம்பித்தது. நான் டப்பிங் கட்சி. அவள் சப்டைட்டில் கட்சி. சாயங்காலம் உள்ளி உரித்துக்கொண்டே காதால் தமிழ் கேட்க எனக்கு வேண்டும். இருபது வருடம் ஆகியும் மலையாளத்தை நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பஸ் போர்டு வரைக்கும் சரி. ஓடுகிற எழுத்தைப் பிடிக்க முடியாது. நான் 'அ' என்பதற்குள் அங்கே ஒரு யுத்தமே முடிந்துவிடும்.

கீர்த்தியின் வாதம் வேறு. அவள் அதை ஒரு வக்கீல் மாதிரி அடுக்குவாள்.

"சப்டைட்டில் எழுதுறவங்க ஒரு வாக்கு கூட மாத்த மாட்டாங்க அம்மா. அங்கெ எந்தா பறஞ்சதோ அதே. டப்பிங்காரங்க அவங்களுக்குத் தோணினதைப் பறயும். அந்த ஆள் பறயாததை அவன் வாயில வெச்சுக் கொடுக்கிறது. அது கள்ளத்தரம்."

"உனக்கு ஜப்பான் பாஷை தெரியுமா? சப்டைட்டில்காரன் பொய் எழுதினா உனக்குத் தெரியவா போகுது?"

"எழுத மாட்டாங்க" என்பாள். சாமி மேல் சத்தியம் செய்வது மாதிரி இருக்கும் அந்த முகம்.

ஒரே ஆளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அண்ணன் வந்தால் அவளாகவே டப்பிங் போட்டுவிடுவாள். அவர் திராட்சையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, "இந்தப் பய என்ன இந்தக் கத்து கத்துறான்? சோத்தத் தின்னானா இல்லையா?" என்பார். அவருக்கு எந்தக் கதையிலும் எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டார்களா என்பதுதான் கவலை. மாமாவும் மருமகளும் அப்படிச் சிரித்துக் கிடப்பதைப் பார்க்க எனக்குக் கண் நிறையும்.

4

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் வரவில்லை. மதியத்துக்கு மேல் அவர் எண்ணிலிருந்தே வந்தது. பேசியது வேறு யாரோ. கடையில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம், சாய்ந்தாராம். அவ்வளவுதான்.

எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கு நினைவில்லை. குமுளி இறக்கத்தில் வளைவுக்கு வளைவு நான் அழுததும், கீர்த்தி என் முந்தானையை விடாமல் பிடித்திருந்ததும்தான் நினைவிருக்கிறது.

சாவு வீட்டை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து வெலவெலத்துப் போய்ச் சுவரோரம் நின்றாள். நடுவில் என் மதினி, அண்ணன் மனைவி. அவர் அழவே இல்லை. யார் கட்டிக்கொண்டாலும் கட்டை மாதிரி இருந்தார். அவருடைய ஒரே மகன் மஸ்கட்டிலிருந்து வந்து காரியங்களைச் செய்தான்.

கருமாதி முடிந்து நாங்கள் கிளம்ப வேண்டும். உங்களுக்குத் தெரியும், துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. 'போயிட்டு வர்றேன்' என்றால் மறுபடி இப்படி ஒரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வாசல் தாண்டிவிட வேண்டும். கேரளத்திலும் இதே வழக்கம்தான். ஆனால் இதையெல்லாம் யாரும் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. சாவுக்குச் சாவு பார்த்துத் தெரிந்துகொள்வதுதான்.

நான் எழுந்தேன். செல்வம் வெளியே போய்விட்டார். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பின்னால் கீர்த்தியைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அவள் நேராக நடுக்கூடத்துக்குப் போய், மதினியின் முன்னால் மண்டியிட்டு, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கணீரென்ற குரலில், அவளுக்குத் தெரிந்த மிக நல்ல தமிழில், அந்த டப்பிங் தமிழில், சொன்னாள்:

"அத்தை, நான் போயிட்டு வரேன். கவலைப்படாதீங்க. நான் கண்டிப்பா திரும்பி வருவேன். இது சத்தியம்!"

மூக்குச் சிந்திக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. முதலில் வாய் திறந்தது மதினியின் அக்கா.

"என்னத்தா பேசுது இந்தப் புள்ள! எழவு வீட்ல நின்னுக்கிட்டுத் திரும்பி வருவேன்னு சத்தியம் பண்ணுது!"

"கேரளாவுல வளத்தா இப்பிடித்தான்" என்று இன்னொரு குரல். "பெத்தவ சொல்லிக்குடுக்க வேணாமா?"

மதினி நிமிர்ந்து கீர்த்தியின் முகத்தை மட்டும் பார்த்தார். நான் பாய்ந்துபோய் அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் கம்பம் தாண்டிய பிறகுதான் நான் என்ன தப்பு என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ, ஞான் அத்தைக்கு ஷாபமா கொடுத்தேன்? அனிமேல போற எல்லாரும் அங்ஙனெதானே பறயும்? வீட்டை விட்டு இறங்கும்போ போயிட்டு வரேன்னு சொல்லும். உள்ள இருக்கிறவங்க போயிட்டு வான்னு சொல்லும். அது கேட்டா அவங்களுக்கு ஒரு தைரியம் வரும்."

"இது அனிமே இல்லடி, சாவு!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "விடும்மா, புள்ளைக்கு என்ன தெரியும்?" என்று செல்வம் முணுமுணுத்தார்.

எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைவிட, அந்தக் குரல்தான் காதிலேயே நின்றது. 'கேரளாவுல வளத்தா.' அண்ணன் போய்விட்டார். மீதி இருந்த ஒரு கதவையும் என் மகள் கையாலேயே சாத்தியாயிற்று என்று நினைத்தேன். அண்ணன் இல்லாத பிறந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன உறவு இருக்கிறது? மதினி 'வா' என்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

5

அதற்குப் பிறகு கீர்த்தி தமிழை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. ஒரு சாமானைக் கீழே போட்டு உடைத்த பிள்ளை அதன் பக்கமே போகாதே, அப்படி. நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில். "எந்தெங்கிலும் தெற்றாய்ப் போயாலோ" என்றாள் ஒரு நாள். ஏதாவது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று அர்த்தம். டிவியில் ஜப்பான் மொழி, கீழே மலையாள எழுத்து. நானும் ரிமோட்டுக்குப் போட்டி போடவில்லை. உள்ளியைப் பேசாமல் உரித்தேன்.

மதினிக்கு இரண்டு முறை போன் செய்தேன். "ம்" என்பார். "சாப்பிட்டீங்களா மதினி?" என்றால், "ராவுக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குது" என்பார். அண்ணன் கடை சாத்திவிட்டு வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். இப்போது பொழுது இறங்கினால் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மகன் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டான். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அதையே மறுபடி சொல்வது போலாகிவிடும்.

ஓணம் நெருங்கியது. கடைத்தெருவெல்லாம் பூ. ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது மதினியே கூப்பிட்டார். அவராக என்னைக் கூப்பிட்டதே கிடையாது. திட்டத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, யூதர்களின் ஜெப ஆலயத்துச் சந்து வரைக்கும் ஓடி, சுற்றுலாக்காரர்களுக்கு நடுவே நின்று காதில் வைத்தேன்.

"அந்தப் புள்ள எப்ப வருது?" என்றார்.

"எந்தப் புள்ள மதினி?"

"ஒம் மகதேன். திரும்பி வருவேன்னு சொல்லிட்டுப் போச்சுல்ல? பள்ளிக்கொடம் லீவு விட்டாச்சா?"

"அது ஏதோ தெரியாம..." என்று இழுத்தேன்.

"என்னத்தத் தெரியாம? எல்லாரும் சொல்லாமதேன் போனாய்ங்க. சொல்லக் கூடாது, சரி. அதுக்காக ஒருத்தரும் வராமயே இருந்துட்டாய்ங்க. அது ஒண்ணுதேன் வருவேன்னுச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

சந்தில் ஒரு வெள்ளைக்காரர் என்னைத் தாண்டிப் போகிறவர் நின்று, "ஆர் யூ ஓகே?" என்றார். அவ்வளவு மோசமாக அழுதிருக்கிறேன்.

கீர்த்தியிடம் சொன்னேன். அவள் அதிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு பயந்த குரலில், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தமிழில் சொன்னாள்: "ஞான் போனா இன்னும் ஏதாவது தப்பாச் சொல்லிடுவேன் அம்மா."

"சொல்லு, பரவாயில்ல" என்றேன்.

6

ஓண விடுமுறைக்குச் செல்வம் அவளை லோடு வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். விடுமுறை முடிய நான் போய்க் கூட்டிவர வேண்டும். இடையில் போன் செய்தால், "அம்மா, அத்தைகூட வெங்காயம் வாங்கப் போறேன், பின்னே விளிக்கலாம்" என்று வைத்துவிடுவாள். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அத்தை சாப்பிடுகிறாரா என்று கேட்டால் மட்டும், "ராத்திரி இல்ல" என்பாள், குரல் இறங்கி.

நான் சின்னமனூரில் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை, அது நல்லதாகப் போயிற்று. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரோ ஓர் ஆம்பளை பேசுகிற மாதிரிக் கட்டைக் குரல் கேட்டது. எனக்குத் திக்கென்றது. அடுத்த நொடி கீச்சுக் குரலில் ஒரு சின்னப் பிள்ளை. பிறகு மறுபடி கட்டைக் குரல். இரண்டும் கீர்த்திதான்.

வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் மதினிக்கு வைத்த தட்டு, சோறு போட்டபடி, தொடாமல். திரையில் ஜப்பான் படம் ஓடியது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். ஓடுகிற மலையாள எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு குரலில், அவளே தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தத் தமிழைக் கேட்டு நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஜப்பான்காரப் பையன் இன்னொரு பையனிடம், "எங்கிட்டுப் போற? ஒங்காத்தா தேடுதுடா" என்றான். டப்பிங் தமிழும் இல்லை, மட்டாஞ்சேரித் தமிழும் இல்லை. எங்கள் தெருத் தமிழ்.

கதை எனக்கும் புரிந்தது. பனி கொட்டுகிற ஊரில் ஒரு ரயில்வே ஊழியர் செத்துப்போயிருக்கிறார். ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் வீட்டுக்கு வர அவருக்கு அனுமதி. வந்தவர் உள்ளே வராமல் வாசலில் நிற்கிறார். உள்ளே அவர் மனைவி.

"ஏன் வாசல்லயே நிக்கிறாரு?" என்றார் மதினி.

"செத்தவங்க உள்ள வரக் கூடாது அத்தை."

"பாவம். என்னமோ சொல்றாரே, என்ன சொல்றாரு?"

நானும் திரையைப் பார்த்தேன். அந்த மனிதரின் உதடு மெல்ல அசைந்தது. கீழே எழுத்து வந்து நின்றது. கொஞ்ச வார்த்தைகள்தான், பெரிய எழுத்து. தூரத்திலிருந்தே எழுத்துக்கூட்டினேன். 'இனி ஞான் வரில்ல. என்னெ மறக்கணம்.' இனி நான் வர மாட்டேன், என்னை மறந்துவிடு என்று அர்த்தம்.

கீர்த்தியின் முதுகு விறைத்திருந்தது தெரிந்தது. சப்டைட்டில் எழுதுகிறவர்கள் ஒரு வாக்குகூட மாற்ற மாட்டார்கள் என்று என்னிடம் அத்தனை நாள் சண்டை போட்டவள், அந்த எழுத்துகளைத் திரையில் பார்த்துக்கொண்டே, கட்டைக் குரலில் சொன்னாள்:

"சாப்டியாத்தா? மொதல்ல சாப்பிடு. நான் இங்கிட்டுத்தான் நிக்கிறேன்."

அந்த மனிதர் சொன்னது அது இல்லை என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, என் மகளை அள்ளி அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றேன். மதினி வெகுநேரம் திரையையே பார்த்தார். மலையாளம் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர். ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"அப்படிச் சொல்ல மாட்டாரு" என்றார் மதினி.

கீர்த்தி பயந்து அவர் பக்கம் திரும்பினாள். "தப்பா அத்தை?"

"ஆத்தான்னெல்லாம் கூப்புட மாட்டாரு. 'ஏ புள்ள'ம்பாரு. 'ஏ புள்ள, சோத்தப் போட்டுக்கிட்டு உக்காரு'ம்பாரு. கொஞ்சம் அதட்டலா இருக்கும்."

கீர்த்தி போனை எடுத்து, விரலால் படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். பனிக்குள்ளிருந்து அந்த மனிதர் மறுபடி நடந்து வந்து வாசலில் நின்றார். அவர் வாய் அசையும் நேரத்துக்கு அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தாள்.

"ஏ புள்ள, சோத்தப் போட்டுக்கிட்டு உக்காரு."

"ம்" என்றார் மதினி. தட்டை மடிக்கு இழுத்து, சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.